டேங்கர் வரும் நாள்

செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள்.
பாட்டகோனியாவில் செவ்வாய் என்பது
கிழமை அல்ல, ஒரு நம்பிக்கை.

நாற்பதாம் எண் சாலையோரம் ஒற்றைப் பம்பு.
அதன் உடம்பெல்லாம் ஸ்டிக்கர்கள்.
ஊர், வருடம், வண்டியின் படம்.
போனவர்கள் எல்லாரும்
போனோம் என்று ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
காத்திருந்தோம் என்று ஒருவரும் ஒட்டவில்லை.

என் டேங்கில் இருப்பது
குலுக்கினால் சத்தம் கேட்கிற அளவு.
அடுத்த பம்பு நூற்று எழுபது கிலோமீட்டர்.
நான் ரொசாரியோவில் பொய்ப்பல் செய்கிறவள்.
பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சம்பளம் வாங்கும் கை.
அந்தக் கை, நின்று இரண்டு நாள் ஆன பின்பும்
ஹேண்டில்பாரின் நடுக்கத்தை விட மறுக்கிறது.
மாத்தே குவளையைப் பிடித்தால்
குவளை சரளைச் சாலையில் போகிறது.

உடன் மாட்டிக்கொண்டவர்கள்:
கம்பளி மூட்டை ஏற்றிய லாரிக்காரர் ஒசோரியோ.
அவர் டீசலும் இதே டேங்கரில்தான் வரவேண்டும்.
அப்புறம், பழைய யாவா வண்டியில் ஒரு செக் தம்பதி,
ராதோவான், ஸ்டென்கா.
பதினொரு மாதம் ஒரே சீட்டில் வந்தவர்கள்
ஐந்து நாளாகப் பேசிக்கொள்வதில்லை.
ஓடும்போது அவன் சாலையைப் பார்த்தான்,
அவள் அவன் முதுகைப் பார்த்தாள்,
பிழைப்பு நடந்தது.
நின்றதும் முகம் வந்துவிட்டது.

பம்பு சுல்மா நாவெல்கிருடையது.
கட்டில் வாடகைக்கு, ரொட்டி விலைக்கு,
டேங்கர் பற்றிய பதில் மட்டும் இலவசம்:
தோள்களை ஒருமுறை உயர்த்துவாள்.

சீட்டாடினோம்.
பந்தயமாக நட்டும் போல்ட்டும் வைத்தோம்.
ஒசோரியோ என் செயினின் ஒரு கண்ணியை ஜெயித்துவிட்டு
திருப்பித் தரும்போது
ஒரு பெருந்தன்மையை எதிர்பார்த்தார்; தந்தேன்.

இரண்டாம் இரவு காற்று என் வண்டியைத் தள்ளிவிட்டது.
தகரம் கிழிவது போல் ஒரு சத்தம்.
உள்ளுடுப்போடு எல்லாரும் வெளியே ஓடினோம்.
கிளட்ச் லீவர் பாதியில் முறிந்து கிடந்தது,
விழுந்த கடைவாய்ப்பல் போல.

ராதோவானிடம் ஒரு மாற்று லீவர் இருந்தது.
யாவாவுடையது. பொருந்தவில்லை.
என் பையில் அரம் இருந்தது,
விடுமுறையிலும் அதை விட்டு வர மனம் வருவதில்லை.
அவன் பிடித்தான், நான் ராவினேன்.
ஸ்டென்கா டார்ச்சோடு நின்றாள்.
மூன்று மணி வரை இரும்புத்தூள்.
திடீரென்று அவள் ஏதோ சொன்னாள்.
அவன் ஏதோ சொன்னான்.
அந்த மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது.
வெளிச்சம் சற்று இடப்பக்கம் நகர்ந்தது,
அவ்வளவுதான்.

காலையில் சுல்மா வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.
ஸ்டாண்டில் நிற்கிற வண்டி, அணைந்த எஞ்சின்.
காற்று முகத்தில் மணலைப் போட்டது.
இந்தச் சாலையில் எங்கே போயிருக்கிறாய் என்றேன்.
'பிரசவத்துக்கு, ரியோ கயேகோஸ். பிறகு திரும்பினேன்.'
கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்:
'இப்போது எவ்வளவு வேகம்?'
சட்டை படபடப்பதை வைத்துச் சொன்னேன்:
'தொண்ணூறு இருக்கும்.'
கொஞ்ச நேரம் அப்படியே ஓட்டினாள்.
இறங்கும்போது சொன்னாள்,
'பெட்ரோலும் மிச்சம்.'

வெள்ளிக்கிழமை மாலை டேங்கர் வந்தது.
ஆளுக்குப் பத்து லிட்டர்.
யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை,
வரிசை பெரிதாக இருந்தது,
எங்கிருந்து முளைத்தன இத்தனை வண்டிகள்!
யாவா எனக்கு முன்னால் போய்விட்டது.
புகையில் அவள் கை அசைந்ததா,
புகைதான் அசைந்ததா, தெரியவில்லை.

நாற்பது கிலோமீட்டர் தாண்டித்தான் கவனித்தேன்:
லீவரில் இன்னும் அரை மில்லிமீட்டர் ஆட்டம்.
என் பட்டறையில் இதைச் செய்திருந்தால்
பல் திரும்பி வந்திருக்கும்.
அரம் பையில்தான் இருந்தது. நிறுத்தவில்லை.
உஷுவாயா வரை, ஒவ்வொரு கியருக்கும்,
இடது உள்ளங்கையில் அது
ஒருமுறை தட்டியது.