கீழ்த்தாடை முதலில்

என் ஜன்னலுக்கு அடியில் கொப்பரைக் களம்.
காங்கயத்தில் யாரை வாய் திறக்கச் சொன்னாலும்
காய்கிற தேங்காய் வாசம்தான்
முதலில் உள்ளே போகும்.

பொங்கியண்ணன். அறுபத்தொன்று. மாட்டுத் தரகு.
"பல்லு எத்தனைங்க மிச்சம்?"
"ஒண்ணுமில்லீங் அம்மிணி.
கடை சேர்ந்து, கடையும் சாத்தியாச்சு."

சவுடேஸ்வரி சிரிக்காமல் எழுதினாள்:
முழு செட்டு, மேல், கீழ்.

வெந்நீர்த் தொட்டியில் பழுப்பு வில்லை
ஓரம் தளர்ந்து
கொழுக்கட்டை மாவுப் பதத்துக்கு வரட்டும் என்று
தட்டுகளில் அவர் அளவைத் தேடினேன்.
இரண்டாம் நம்பர் இடித்தது.
மூன்றாம் நம்பரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர்
"லாடமுங்களா?" என்றார்.
"மாட்டுக்கு ரெண்டாப் பொளந்திருக்குமுங்க.
இது குதிரைக்கு."

கீழ்த்தாடையைத்தான் முதலில் எடுப்பேன்.
மேலே குமட்டும். கீழே அவ்வளவு பயமில்லை.
வந்தவரின் நம்பிக்கையை
அங்கிருந்துதான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

உதட்டில் வாஸ்லின் தடவி
கன்னத்தை விரலால் ஒதுக்கியபோது
அவர் கண் ஓரமாக என்னைப் பார்த்தது.
எத்தனை காளைகள் இவரை இப்படிப் பார்த்திருக்கும்.
மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து
உதட்டைப் பிதுக்கி
ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று
ஓர் உயிரின் வயதைச்
சந்தைக்கே கேட்கச் சொன்னவர்.

இந்த வாயில் எனக்கு
எண்ண ஒன்றுமில்லை.
மழை கரைத்த வரப்பு போல ஓர் எலும்பு மேடு,
இடப்பக்கம் இன்னும் தாழ்ந்து.
வரப்பு இவ்வளவு தாழ்ந்தால்
நாக்குதான் நிலத்துக்குச் சொந்தக்காரன்.

"நாக்கத் தூக்குங்க. வெளிய நீட்டுங்க.
அந்தப் பக்கம். இந்தப் பக்கம்."
உதட்டை இழுத்துவிட்டேன். கன்னத்தைப் பிசைந்துவிட்டேன்.
தசை போகும் தூரமெல்லாம் வில்லையின் ஓரத்தில் பதிய வேண்டும்.
பிறகு இறுகும்வரை அசையாமல்.

"வலிக்குதுங்களா?"

பேச முடியாதவர்
மடியில் கிடந்த துண்டுக்குள் என் இடது கையைத் தேடிப் பிடித்தார்.
மூன்று விரல். ஓர் அழுத்தம்.
திரும்பவும் மூன்று.
வலியின் அளவு என்று நினைத்துக்கொண்டேன்.
"இன்னும் கொஞ்ச நேரம்தானுங்க" என்றேன்.

தட்டு வெளியே வந்தது.
குழிவும் மடிப்பும் நாணின் வெட்டும் சுத்தமாக.
அவர் எச்சிலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"மூணாயிரம் கொறச்சுக்கோணுமுன்னு சொன்னனுங்க.
துண்டுப் பேச்சு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அடுத்து மேல்தாடை.
பின்பக்கத்தை முதலில் அமர்த்தி, பிறகு முன்னால்.
"தலையக் குனிஞ்சுக்குங்க. மூக்குல மூச்சு விடுங்க."
கண்ணில் நீர் முட்டியது. தொண்டை ஏறி இறங்கியது.
கால் தானாகத் தூக்கிக்கொண்டது.
வேறு எதையாவது நினைக்க வைக்க வேண்டும்.
நான் துண்டுக்குள் கையை விட்டு
அவருடைய ஒற்றை விரலைப் பிடித்து
ஒரே ஓர் அழுத்தம் கொடுத்தேன்.

குமட்டல் நின்றது.
ஆனால் சிரித்துவிட்டார்.
வாய் நிறைய வில்லையோடு, தோள் குலுங்க.

பின்னோரம் இழுபட்டுப் போயிற்று.
சிரித்த அச்சைத் திரும்ப வெந்நீரில் போட்டேன்.
சவுடேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள்.
வெளியே இன்னும் நாலு பேர்.
ஒருவர் குழந்தையோடு.

இரண்டாம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
கையைக்கூடத் தனியாக வைத்துக்கொண்டார்.
நல்ல தரகன், விலை படிந்த பிறகு
மாட்டைத் தொடமாட்டான் போலும்.

சாயங்காலம் மாவு கலக்கி ஊற்றினேன்.
இறுகும்போது அது சூடாகும்.
கல்லூரியில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான்.
இருந்தும் உள்ளங்கையில் வைத்திருந்தேன்
அந்தச் சூடு ஆறும்வரை.

மறுநாள் காலை அச்சு பிரிந்தது.
மேலண்ணத்து வரிகள்,
உழுது விட்டுப்போன கொறங்காடு.
பென்சிலால் ஓரம் வரைந்தேன்,
அடுத்த தட்டு இந்த வாய்க்கென்றே செய்ய.
அடியில் எழுதினேன்:
பொங்கியண்ணன். மேல். வியாழன் வரச் சொல்லவும்.
விலைக்கான இடத்தை விட்டுவிட்டேன்.
சவுடேஸ்வரி கேட்டால்
விரலைத்தான் காட்ட வேண்டும்.