தேய்மானம் போக

லாரி கவிழ்ந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.
பள்ளிப்பட்டிலிருந்து சோளிங்கர் வரைக்கும்
நசுங்கிய பம்பருக்கு விலை சொல்வது என் பிழைப்பு.
அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தேன்.

நகரி பஸ் ஸ்டாண்டில் மஸ்தான் வலி கடை,
நாற்பது சொல்லி முப்பத்தைந்துக்குக் கொடுத்தார்.
அட்டை கிழிந்து படத்தின் பேரில்
'...த்தின் கண்' மட்டும் மிச்சம்.
தொப்பி வைத்த ஒருவன், துப்பாக்கி,
படத்தில் எங்குமே வராத ஒரு விமானம்.

வெளிச்சேதம்:
இடது ஓரத்தில் தலைமுடி போல ஒரு கீறல்
முதல் காட்சியிலிருந்து கூடவே வருகிறது.
உளவாளியை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று
அரைமணி நேரம் நம்பினாள் ஹேமாவதி.
கறுப்பு கறுப்பாக இல்லை, கழுநீர்.
வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு முகமே கிடையாது.
ஒலி, பரணில் மறந்துவிட்ட ரேடியோ.

உள்ளே:
பேனாவுக்குள் வரைபடம். சரி.
நீர்மூழ்கிக் கப்பல் தகரம்,
ரிவெட்டுக்குப் பதில் பொட்டு ஒட்டியிருக்கிறார்கள்.
கட்டுப்பாட்டு அறையில் முப்பது பல்பு,
எரிவதைத் தவிர அவற்றுக்கு வேலை இல்லை.
வில்லன் மட்டும் பழுதில்லாத பாகம்.
காபியைக் கலக்கிக்கொண்டே இருக்கிறான், குடிப்பதில்லை.
ஒருவனைத் தீர்த்துவிடச் சொல்லிவிட்டு
சர்க்கரை போதுமா என்று ஸ்பூனை நக்குகிறான்.
அவனுக்கே இருபது ரூபாய் தரலாம்.

ஒன்பதாவது ரீலில் அந்நிய நாட்டு எல்லை.
முள்கம்பி. எவருக்கும் படிக்க வராத எழுத்தில் பலகை.
காவலன் துப்பாக்கியைத் தோள் மாற்றும்போது
அவன் தலைக்குப் பின்னால், வானத்தில்
மல்லாந்து படுத்த ஒரு மூக்கு.

ஹேமாவதி எழுந்து உட்கார்ந்தாள்.
நகரி மலை.
"அந்தக் கம்பிக்குப் பின்னாடிதான் எங்க கெணறு.
எதிரி தேசத்துல போயி பொண்ணு எடுத்திருக்கீங்க."
நிறுத்திவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.
அவர் நம்பவில்லை. கால்மணி நேரம் போனது.

மறுபடி ஓட்டினால் அங்கேதான் ஒட்டு.
தமிழ்ப் பிரதியில் அந்த ரீல் தொலைந்திருக்க வேண்டும்,
தெலுங்கு டப்பிங்கிலிருந்து வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.
வெட்டினவன் அவசரக்காரன்.
எட்டு நொடி இரண்டு தடவை வருகிறது.

கம்பியருகே அவள் கேட்கிறாள், "திரும்பி வருவீங்களா?"
தொப்பி சொல்கிறது, "வருவேன்."
மறுபடி அதே காற்று, அதே புடவைத் தலைப்பு,
"திரிகி வஸ்தாவா?"
"ரானு."

ஒட்டு சரியில்லை என்று குறித்துக்கொண்டு நான் தாண்டியிருப்பேன்.
அவள்தான் ரிமோட்டைப் பிடுங்கினாள்.
"வரமாட்டேன்னு சொல்றான், காதுல விழலையா?"

ஒரே விபத்து, இரண்டு டிரைவர், இரண்டு வாக்குமூலம்.
எனக்கு இது பழக்கம்தான், டயர்த் தடத்தைப் பார்ப்பேன்.
இங்கே உதட்டைப் பார்க்கலாம் என்று
அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன்.
வாய் திறக்கிற நேரம் பார்த்துத் தகடு திக்கியது.
மூக்கு வரைக்கும் மனிதன்,
அதற்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி.

அப்புறம் இருபது நிமிடம் தெலுங்கு.
பஸ்ஸில் பேசுகிற அளவுக்கு எனக்கு வரும்,
சதி செய்கிற அளவுக்கு வராது.
அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன்.
சிலதைச் சொல்லாமல் சிரித்தாள்.

கடைசி ரீல் தமிழ். கப்பல் வெடித்தது,
தகரம்தான், இருந்தாலும் சத்தம் நன்றாக இருந்தது.
விமான நிலையத்தில் அவன், தொப்பி இல்லாமல்.
அவள் ஓடி வருகிறாள். வணக்கம்.

தேய்மானம் போக இருபத்திரண்டு ரூபாய்,
நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றேன்.
பாயை உதறிக்கொண்டே ஹேமாவதி கேட்டாள்:
"வரமாட்டேன்னு சொன்னவன் எதுக்கு வந்தான்?"

விளக்கை அணைத்தேன்.
மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் அதை யோசித்தோம்.