கையுறை

உலகத்துக்கெல்லாம் கையுறை செய்து அனுப்புகிற நாட்டில்
பதினாலு வருஷம்
வெறுங்கையோடு மருந்து அடித்தேன்.
கேட்டால், "அடுத்த மாசம் ஸ்டோருக்கு வரும்" என்பார் கிராணி.
அப்படி ஒரு மாசமே கிடையாது என்று
நகம் உதிர்ந்த பிறகுதான் தெரிந்தது.

சிலிம் ரிவரில், சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை.
வாடகை நூற்றைம்பது வெள்ளி.
ஒரு வாளி ரப்பர் பால், அமோனியா நெடி,
கையில் தடவத் தேங்காயெண்ணெய்.
இதற்குக் கலை என்று பேர் வைத்தது நானில்லை.

பெண்கள் வந்து கையை முக்குவார்கள்.
காய நாற்பது நிமிஷம்.
போனைத் தொட முடியாது,
ஓடுகிற பிள்ளையை இழுத்து உட்கார வைக்க முடியாது.
வேறு வழியில்லாமல் பேசுவார்கள்.

கலைந்தவை மூன்று என்று
பாக்கியவதி முதன்முறையாக எண்ணிச் சொன்னாள்.
லொம்போக்கிலிருந்து வந்த ராஹிமா
பாதி மலாய், பாதி தமிழ்:
"குழம்பு தீஞ்சாலும் வாசம் தெரியாதுக்கா."
தவமலர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.
உரித்த உறையை மட்டும்
நாலாய் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பாசார் மாலாமில்
இந்தப் பக்கம் ஆப்பம் பாலிக், அந்தப் பக்கம் மலிவு விலைச் சட்டை,
நடுவில் கயிறு கட்டி
நாற்பத்தோரு கையை கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
வெடிப்பு, தழும்பு, ரேகை எல்லாம் அப்படியே.
நகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பு.
காற்றில் ஆடின,
வா என்பதுபோலவும் வேண்டாம் என்பதுபோலவும்.
கீழே அட்டையில் எழுதியிருந்தேன்: தொடலாம்.

கிராணி மகன் ஒன்றைப் பிடித்தான். விடவில்லை.
அவன் கரும்புச்சாற்றுப் பையில் ஐஸ் கரைந்துபோனது.

மறுவாரம் ஸ்டோருக்குக் கையுறை வந்தது.
இருபது ஜோடி.
எல்லாம் ஆம்பளை அளவு.
விடுங்கள், அதற்கும் ஒரு கயிறு கட்டுவேன்.

என் கையை மட்டும் நான் முக்கவில்லை.
வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது என்று
எட்டு மாசம் ஓட்டினேன்.
நேற்று ராஹிமா கதவைச் சாத்தினாள்.
"உட்காருக்கா."
முதல் பத்து நிமிஷம் கிராணியைத் திட்டினேன்.
பிறகு திட்ட ஆளில்லை.
முப்பதாவது நிமிஷம் மூக்கு அரித்தது.
இரண்டு கையும் பாலில்.
அவள் எட்டிச் சொறிந்துவிட்டாள்.
அப்போதுதான் அழுதேன்.

உறை ஜன்னலோரம் கிடக்கிறது. இன்னும் கயிற்றுக்குப் போகவில்லை.
காயக் காயப் பால் சுருங்கும்.
இப்போது அது
நான் பெயர் கொடுத்த பத்தொன்பது வயசுக் கை அளவு இருக்கிறது.
நகம்தான் இல்லை.