தனியா

நேதாஜி மார்க்கெட்டில் மாசச் சாமான் வாங்கும்போது
கடைக்காரர் பில்லிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்:
"தனியா?"
ஆமாங்க, தனியாத்தான் போனேன்,
பதினோரு நாள் என்றேன்.
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
கால் கிலோவா, அரைக் கிலோவா என்றார்.

அந்த அளவுக்குக் கேட்டிருந்தார்கள்.
விசா ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்,
ராணிப்பேட்டை கம்பெனியில் லீவு கையெழுத்துப் போடுகிறவர்,
கீழ்வீட்டு அம்சவேணி.
அம்சவேணி மட்டும் கூடுதலாக
கங்காருவை ஒரு போட்டோ எடுத்து வரச் சொன்னாள்.
நாட்டையே மாற்றிப் போட்டவள்
அந்தக் கேள்வியை மட்டும் சரியாகக் கேட்டாள்.

பதினாலு வருஷமாக
மலையேறும் பூட்ஸ்தான் என் மேஜைக்கு வருகிறது.
தையல் எண்ணுவேன். நாக்கை இழுத்துப் பார்ப்பேன்.
பெட்டியில் போடுமுன் உள்ளே கை விட்டு
ஏதாவது குத்துகிறதா என்று தடவுவேன்.
எத்தனையோ ஆயிரம் கால்களுக்கு முன்னால்
என் கை போய்வந்த இடம் அது.
ஒரு ஜோடி, சைஸ் முப்பத்தெட்டு,
இடது குதிகாலில் ஒரு தையல் விலகி
ரிஜெக்ட் ஆனது.
எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.
அது போகவேண்டிய ஊருக்கு
அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க
மூன்று வருஷம் சீட்டு கட்டினேன்.

ஆஸ்திரியாவில்
ரயில் தீர்ந்த ஊரில் பஸ், பஸ் தீர்ந்த இடத்தில் விடுதி.
விடுதிக்காரி ஒரு சாவியை நீட்டி
எத்தனை ராத்திரி என்று மட்டும் கேட்டாள்.
அடுத்த கேள்விக்காக நின்றுகொண்டிருந்தேன்.
அவள் காபி மெஷினைத் துடைக்கப் போய்விட்டாள்.

நாலாம் நாள், ஏறஏற, மரங்கள் முடிந்தன.
மொட்டைப் பாறை. எனக்குத் தெரியாததா,
சத்துவாச்சாரியில் ஜன்னலைத் திறந்தால் அதுதானே.
நம்முடையது ராத்திரி பத்து மணிக்கும் சுடும்;
இதில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது.
வழி தெரியப் பாறையில்
சிவப்பு வெள்ளை சிவப்பு பூசியிருந்தார்கள்.
எந்தக் கட்சி என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அப்போது
பின்னாலிருந்து விசில்.

ஆள் இல்லாத மலை.
கழுத்து திரும்பவில்லை.
கை தானாகப் பையில் ஊக்கைத் தேடியது.
பார்வை தரைக்குப் போனது, நடை வேகமானது.
எல்லாம் எட்டாங்கிளாஸில்
காட்பாடி ஸ்டேஷன் படிக்கட்டில் படித்த பாடம்.
மறுபடி விசில்.
திரும்பினேன்.

கீரிக்கும் பெருச்சாளிக்கும் நடுவில் ஏதோ ஒன்று,
தொப்பை தொங்க, பின்னங்காலில் நின்று,
வளை வாசலில்.
தன் குஞ்சுகுளுவானையெல்லாம்
உள்ளே ஓடச் சொல்லிக்கொண்டிருந்தது.
என்னைக் கண்டு.
என்னைக் கண்டு!
அப்படியே உட்கார்ந்து சிரித்தேன்.
முடித்தபோது கையில் ஊக்கு திறந்திருந்தது,
கட்டைவிரலில் பொட்டளவு ரத்தம்.
ரொட்டியில் பருப்புப்பொடி தூவித் தின்றேன்.

பிறகு மூடுபனி வந்தது. மூன்று மணி நேரம்.
அதை யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால், அதான் அப்பவே சொன்னோம் என்பார்கள்.
இங்கேயும் சொல்வதாக இல்லை.
இடது குதிகால் தையல் தாங்கியது, அவ்வளவுதான்.

இப்போது மே. நூற்றியெட்டு டிகிரியாம்.
பூட்ஸ் மாடிப்படியில் கிடக்கிறது,
அடியில் அந்த ஊர் மண் இன்னும் உதிராமல்.
அம்சவேணி படி பெருக்கிக்கொண்டே வந்தவள்
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.
மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.
புடவையைக் கொஞ்சம் தூக்கி
இடது காலை மட்டும் உள்ளே விட்டு
நின்றாள்.

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூச்சு விடவில்லை, வளைக்குள் ஓடிவிடுவாளே.