அகப்பை

கடைசி இடத்துக்கு அகப்பை என்று பெயர்.
அதை யாரும் செய்வதில்லை, யாரும் தருவதில்லை;
ஆனாலும் வருடந்தவறாமல் எங்களுக்கே விழுகிறது.

ரொவீகோவில் பிப்ரவரி.
போ ஆற்றின் பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நிற்கிறது.
ஆட்ட நாளென்றால் எவரிஸ்தோ
வீட்டு மரக்கரண்டி மூன்றையும்
கார் டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுவார்.
பொலெந்தாவை நான் எதால் கிண்ட?
"பொறு" என்கிறார், டிவியைப் பார்த்தபடி.

எழுபத்தெட்டாவது நிமிடம்.
ஸ்காட்லாந்துக்கு இரண்டு புள்ளி பின்னால்.
ஸ்க்ரம்மில் பதினாறு முதுகுகள்,
மூடி திறந்த பானையாய் ஆவி.
மூன்றாம் எண் எங்கள் தெருப் பையன்.
காதா அது, பிசைந்து போட்ட மாவு.
அவன் தள்ளுகிறான்,
எவரிஸ்தோ சோபாவைத் தள்ளுகிறார்,
நடுவரின் கை எங்கள் பக்கம் நீள்கிறது.

பெனால்டி.
பந்து கம்பத்தில் மோதி
ஒரு கணம் யோசித்தது.
முட்டைக்கு எந்தப் பக்கம் உருளத் தெரியும்?

கோட்டுகூடப் போடாமல் வெளியே போனார்.
திரும்பி வந்து
ஒன்றும் பேசாமல் பொலெந்தாவைக் கிண்டினார்,
முழுதாக நாற்பது நிமிடம்.
சட்டியில் இருந்ததுதானே வரும் என்று
நான் சொல்லவில்லை.

கழுவும்போது எண்ணினேன்:
கரண்டி இரண்டுதான்.
மூன்றாவது டிக்கியிலேயே இருக்கிறது.
அடுத்த சனி, வேல்ஸ்.