அரை மில்லிமீட்டர்

கடவாய்ப் பல்லுக்கு கேப் போட்டு நாலு வருஷமாம்.
"பல்லு கல்லு மாதிரி நிக்குது டாக்டரம்மா.
சுத்தி இருக்க சதைதான் அழுவுது"
என்றாள் சின்னப்பாலத்து ராக்கம்மாள்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளியுங்கள் என்று
பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.
சிரித்தாள். ஈறோரம் சிவப்பு.
"மாசத்துல பன்னெண்டு நாள் பாசி பறிக்கக்
கடலுக்குள்ளதான் கெடக்கேன்.
இன்னும் எவ்வளவு உப்பு?"

மண்டபத்தில் கரண்ட் போய் வந்தது.
அளவுக் கம்பியை ஈறுக்குள் மெல்ல இறக்கினேன்.
மூன்று. இரண்டு. மூன்று.
கேப்புக்குப் பக்கத்தில்
ஆறு.
கம்பியைப் பிடித்துக்கொண்டு ரத்தம் ஏறி வந்தது.

எக்ஸ்ரேயில் பார்த்தேன்:
பல் முடிந்த இடத்தில் முடியாமல்
சுவரைத் தாண்டி நீளும் தகரக் கூரைபோல
அரை மில்லிமீட்டர் துருத்தும் விளிம்பு.
அதன் அடியில்
வழித்தெடுக்க மறந்த சிமெண்ட், ஒரு பொட்டு.

படத்தைக் காட்டியதும் அவளே சொன்னாள்:
"தூண்டில் வளைவுக்குக் கல்லு கொட்டுறாங்கல்ல,
அது மாதிரியா?
கல்லு அங்கனயே கெடக்கும்.
பக்கத்து ஊருக் கரைதான் போவும்."

எந்த டாக்டர் போட்டது, என்றேன்.
குரலில் கொஞ்சம் இளக்காரம் இருந்திருக்கும்.
பதில் பேசாமல்
பாலிதீன் உறைக்குள் மடித்திருந்த சீட்டை நீட்டினாள்.

என் கையெழுத்து.
சாய்வாக விழுந்த என் ரப்பர் ஸ்டாம்பு.
வெள்ளிக்கிழமை.
சாயங்கால ரயிலைப் பிடிக்க
நான் ஓடிய வெள்ளிக்கிழமைகளில் ஒன்று.

அறுத்தெடுத்தேன். முக்கால் மணி நேரம்.
பணம் வேண்டாம் என்றேன்.
"வாங்கிக்கங்க.
ஓசில செஞ்சா கை அவசரப்படும்."

ஈறு ஆறட்டுமென்று காத்திருந்து
புதியதை ஈறுக்கு மேலேயே நிறுத்தினேன்.
சிரித்தால் ஒரு கோடு தெரியும், பரவாயில்லையா?
"தண்ணிக்கு அடியில எவ பாக்கப் போறா."

அடுத்த மாதம் வந்தாள்,
விரல்களில் பாசிக்குப் போகும்போது சுற்றிய துணியோடு.
கம்பியை இறக்கினேன்.
நாலு.
மூன்று இல்லை, இன்னும் நாலு.
ரத்தம் மட்டும் வரவில்லை.

இப்போதெல்லாம் சிமெண்ட் இறுகிய பின்னும்
பல்லிடுக்கில் இன்னொரு தரம் நூலை விட்டு இழுக்கிறேன்.
வெளியே பெஞ்சில் யாரோ
வேண்டுமென்றே இருமுகிறார்கள்.