பதின்மூன்று டிகிரி

ரோஜாவுக்கு இரண்டு டிகிரி பிடிக்கும்.
கேமரன் மலையில் பிறந்தது, சுருண்டு தூங்கும்.
இவற்றுக்கு ஆகாது.
பத்துக்குக் கீழே இறக்கினால்
அந்தூரியத்தின் சிவப்பில் ஊதா கசியும்,
அடிபட்ட உதடுபோல.
அதனால்தான் குளிர் அறைக் கதவில் என் கையெழுத்தில்
தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று,
ரொபியுலுக்காக ஒரு படமும்:
பதின்மூன்று. தொடாதே.

ஹெலிகோனியா காம்பு வழியே சரியாகக் குடிக்காது,
குடிப்பதுபோல் பாவனை செய்யும்.
தலைகுப்புறத் தொட்டியில் முக்கி எடுக்கணும்.
மடல் மடிப்புக்குள் எறும்பு இருக்கும்,
ஒருமுறை ஒரு குட்டித் தவளை.
வெட்டிய பின் அது மேற்கொண்டு விரியாது;
தோட்டத்தில் எவ்வளவு திறந்ததோ
அவ்வளவுதான் அதன் பேச்சு.
ஆர்கிட்டை நீருக்குள் வைத்தே வெட்டு, சாய்வாக.
ஒரு காற்றுக் குமிழி ஏறி வழியை அடைத்தால்
வாளி நிறையத் தண்ணீரில் நின்றபடி
தாகத்தில் சாகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பதினோரு வருஷம்,
டத்தோ கிராமாட் சாலையில் இதே கடை.
அப்படியும் ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குக்
கதவைத் திறந்தால்
அறுபது தண்டு வாண்டா
நீலம் வெளுத்து,
அக்காவிடமிருந்து தங்கைக்கு வந்த
பள்ளிப் பினஃபோர் நிறத்தில்.
டெண்ட்ரோபியம் மொட்டுகள் தரையில்.
ஒன்றை மிதித்துவிட்டேன், சத்தமே வரவில்லை.

வெப்பமானியைப் பார்த்தேன். பதின்மூன்று.
வாளிகள் தேய்த்துக் கழுவியவை.
கம்ப்ரசர் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.
கத்தரிமேல் பழி போட்டேன். லோரிக்காரன்மேல் போட்டேன்.
ரொபியுலைக் கூப்பிட வாய் திறந்தேன்,
அப்போதுதான் மூக்கு விழித்தது.

மேல் தட்டில், அந்தூரியப் பெட்டிகளுக்குப் பின்னால்,
சீன நாளிதழில் சுற்றி
ஐந்து டுரியான். பாலிக் புலாவ் பழம்.
தவுக்கே தியோ ஒளித்துவைத்தது.
சர்க்கரை ஏறியிருக்கிறதென்று
மனைவி வீட்டுக்குள் விடுவதில்லை.

பழுக்கிற பழம் ஒரு காற்றை விடும். எத்திலீன்.
அதற்கு வாசமில்லை.
நம் மூக்குக்கு எட்டியது வேறு, அது சாட்சி மட்டும்.
குற்றவாளி மணக்காமல் தட்டிறங்கி வந்து
பூவின் காதில் சொல்லியிருக்கிறது:
உன் வேலை முடிந்தது, போ.
வாண்டா யார் சொன்னாலும் நம்பிவிடும்.

ஐந்து மணிக்கு மோகனாம்பாளுக்குப் போன் போட்டேன்.
பட்டர்வொர்த் மண்டபம், பத்தரை முகூர்த்தம்,
மகள் கேட்டது நீலம், சேலைக் கரைக்குப் பொருத்தமாய்.
நீலம் இல்லை என்றேன்.
அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது.
“என்னதான் இருக்கு?”
சிவப்பு இருக்கு. காந்தான் பூவின் ரோஸ் இருக்கு.
(அந்தூரியத்துக்குக் காது மந்தம்,
ஹெலிகோனியா எவன் பேச்சையும் கேட்காது.
இதை அவளிடம் சொல்லவில்லை.)
“சரி, காத்தாடியில ஆடாத பூவாப் போடு.
நீலத்துக்கு வாங்கின காசைக் கழிச்சிடு.”
மிக்ஸி மறுபடி ஓடியது.

லோரி பாலம் ஏறப் போனதும்
கதவில் நான்காவதாக ஒன்று ஒட்டினோம்.
ரொபியுல் வரைந்த டுரியான்
கோபித்த சூரியன் மாதிரி இருந்தது, அதன்மேல் பெருக்கல் குறி.

தவுக்கே வந்தார். படத்தைப் பார்த்தார்.
வெளுத்த வாளியைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் ஐந்தடியில் குந்தி
ஒரு பழத்தைப் பிளந்து
முதல் சுளையை என் பக்கம் நீட்டினார்.

நல்ல பழம். அதை மறைப்பதற்கில்லை.
கசப்பும் இனிப்பும் சரியாய்ப் போட்டிபோட்டன.
மூன்று பேரும் தின்று முடித்து
பூத்தொட்டிப் பக்கமே போகாமல்
தெருக்குழாயில் கை கழுவினோம்,
இரண்டு முறை.